அழித்த இடம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு மருத்துவமனையின் லேபில் வேலை பார்த்த அக்கா சொன்னது.

மூன்று மணிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சஸ்பென்ஷன், ஆர்டர் அடித்து வைத்தாயிற்று என்று ஃபிலிம் அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள்.

ஸ்கேன் படங்களைப் பாதுகாத்து வைப்பது அவர் வேலை. ஃபிலிம் காலத்திலிருந்து இருப்பதால் அந்தப் பெயர். கெடு முடிந்த பழைய படங்களைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லிப் பதினான்கு மாதங்களுக்கு முன்பு உத்தரவு வந்தது. தினமும் அழித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வந்தார்.

ஆனால் மாடியில், சேமிப்பு முழுவதற்கும் பொறுப்பான டிஸ்க் மேடத்தின் திரையில் நிரம்பிய அளவு இம்மியும் குறையவில்லை. தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது, நூறானால் எல்லாப் பிரிவும் நின்றுவிடும் என்று அவர் இயக்குநருக்கு எழுதிவிட்டார்.

"அழிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் இயக்குநர்.

முப்பத்தொரு வருடத்தில் ஃபிலிம் அண்ணனைப் பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை. தன் அறையில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வரி ஓடவில்லை.

இரண்டு மணிக்கு டிஸ்க் மேடமே இறங்கி வந்தார். உங்கள் திரையைக் காட்டுங்கள் என்றார். அதில் நாற்பது சதவீதம் காலி.

மேடம் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிஜமாவே அழிச்சிருக்கீங்க."

"அதைத்தானே மேடம் காலையிலேர்ந்து தொண்டை கிழியச் சொல்றேன்."

விஷயம் இதுதான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஏராளமாக இடம் இருப்பதுபோல் காட்டுவார்கள். பின்னால் இருப்பது பொதுவான ஒரே சேமிப்பு. எழுத எழுதத்தான் அதிலிருந்து இடம் போகும். முந்நூறு நாற்காலியை வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை அழைப்பது மாதிரி. அழித்தால், அந்த இடம் பொதுவுக்குத் திரும்ப வேண்டும். திருப்பித் தரும் அந்த ஏற்பாட்டை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆள் எழுந்து போன பிறகும் நாற்காலியில் துண்டு கிடந்தது.

மேடம் அவரை மாடிக்கு அழைத்துப் போய், அவர் கண்ணெதிரே அந்த ஏற்பாட்டை இயக்கினார். வேறு வேலையாக வந்த லேப் அக்காவும் நின்றுவிட்டார்.

தொண்ணூற்றேழு. தொண்ணூற்று நான்கு. எண்பத்தாறு.

பதினான்கு மாத வேலை கண்முன்னால் கரைந்து இறங்கியது. அறுபத்திரண்டில் வந்து நின்றது.

"எத்தனை பேரோட படம் அண்ணே?" மேடத்தின் குரலே மாறியிருந்தது.

"நாப்பத்தோராயிரத்துச் சொச்சம். ஒவ்வொண்ணையும் திறந்து பார்த்துத்தான் அழிச்சேன். மொத்தமா அழிச்சா, இன்னும் வைத்தியத்துக்கு வர்றவங்க படமும் சேர்ந்து போயிடுமே."



மூன்று பேருமாக இயக்குநரிடம் போனார்கள். அவர் எண்ணைப் பார்த்தார். முகம் இளகவில்லை. அந்த ஏற்பாட்டை நிறுத்தியது யார் என்று கேட்டார்.

"விசாரணை வைப்போம். மூணு மாசமோ நாலு மாசமோ, முடியட்டும். அதுவரைக்கும் சஸ்பென்ஷன் ஆர்டர் அப்படியே இருக்கட்டும்."



"விசாரணை வேண்டாம் சார்" என்றார் டிஸ்க் மேடம். "நிறுத்தினது நான்தான்."

அங்கேயே எழுதிக் கொடுத்தார். அண்ணனின் ஆர்டர் கிழிந்தது. மேடத்துக்கு மெமோவும், அந்த வருடப் பதவி உயர்வு ரத்தும்.

ஃபிலிம் அண்ணனுக்கு ஆறவே இல்லை. "தப்பு பூரா அந்தம்மாவோடது. பழி மட்டும் என் தலையில விடிய இருந்துச்சு" என்று கேன்டீனில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். லேப் அக்காவும் என்னிடம் அப்படித்தான் சொல்லி முடித்தார்.

இரண்டு வருடம் கழித்து அதே மருத்துவமனையில், மாடியில் மேடம் இருந்த சர்வர் அறையில் எனக்கு வேலை கிடைத்தது. டிஸ்க் மேடம் வேறு இடத்துக்குப் போயிருந்தார். கேட்ட கதை சரிதானா என்று பழைய பதிவுகளைத் தேடினேன். அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்ட தேதி அப்படியே இருந்தது.

டிஸ்க் மேடம் அந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தது, அந்தத் தேதிக்கு ஒன்றரை வருடம் கழித்து.