சோபாவில் ஏறாத பட்டாணி

“சோபாவுல ஏறுச்சுன்னா அன்னிக்கே திருப்பிக் குடுத்துடணும்” என்ற நிபந்தனையோடுதான் பொமரேனியன் குட்டி பட்டாணியை வீட்டுக்குள் விட்டார் மாளவிகாவின் மாமனார் சுந்தரராமன்.

இன்று அவர் பெருங்களத்தூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதும் அது மிதியடியில் சமர்த்தாகப் படுத்திருந்தது.

“பரவால்லம்மா, ஒருநாள்கூட நான் பார்த்து அது ஏறலை. இனிமே இங்கயே இருக்கட்டும். எப்படி ட்ரெய்ன் பண்ணினே?”

“பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன் மாமா.”

அவர் போனதும் மாளவிகா சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள். பட்டாணி தாவி ஏறி அவள் வயிற்றின்மேல் சுருண்டுகொண்டது.

கேட் திறக்கும் சத்தம். மாமனார் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்.

அவர் உள்ளே நுழைந்தபோது பட்டாணி மிதியடியில் படுத்திருந்தது, மாளவிகா சுவரோரம் அடக்கமாக நின்றிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு எழுந்து பழகியவள் அவள். ஆனாலும் முதலில் குதித்தது பட்டாணிதான்.