வலி பூஜ்யம்

விருத்தாசலம் பேருந்து நிலையத்துப் பல் மருத்துவச் சாவடியில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர்: தரை துடைக்கும் லூர்துமேரி, பீங்கான் ஆலைத் தொழிலாளி கொளஞ்சி, அவர் மனைவி அஞ்சலை. டாக்டர் கிடையாது. எல்லாம் இயந்திரம்தான்.

“வலி எவ்வளவு? பத்துக்குள் சொல்லவும்,” என்றது அது.

“போன மாசம் எட்டு. இப்ப சுத்தமா இல்ல. பூஜ்யம்,” என்றார் கொளஞ்சி.

பச்சை விளக்கு எரிந்தது. வெளிவாசல் திறந்துகொண்டது.

“காலைல சவரம் பண்றப்ப தாடையில வெட்டிக்கிட்டாரு. ரத்தம் வழியுது, மனுசனுக்குத் தெரியவே இல்ல,” என்று சிரித்தாள் அஞ்சலை.

லூர்துமேரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். வலி போய் உதடும் தாடையும் மரத்துவிட்டால் அது குணமல்ல, உள்ளே நரம்பை ஏதோ தின்கிறது. நான்கு வருடத்தில் அப்படி ஐந்து பேரைப் பச்சை விளக்கு வீட்டுக்கு அனுப்பியது. ஐந்து பேரும் பிறகு பாதித் தாடையோடு நடமாடியதை அவள் பார்த்திருக்கிறாள்.

“அண்ணே, திரும்ப உக்காருங்க. வலி பத்துன்னு சொல்லுங்க. வலிக்குதுன்னாத்தான் அது எலும்பைப் படம் புடிக்கும்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“அண்ணிகிட்ட சொல்லாத பொய்யா?”

அஞ்சலையின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. “சொல்லுய்யா,” என்றாள்.

கொளஞ்சி திரும்ப உட்கார்ந்தார். “பத்து.”

இயந்திரம் வெகுநேரம் முனகியது. திரையில், இடது தாடையில் புளியங்கொட்டை அளவுக்கு எலும்பு அரித்திருந்தது.

“புற்று. சிறியது. முழுவதும் எடுத்துவிடலாம். உள்ளே வரவும்.”

கொளஞ்சி பஸ் டிக்கெட்டை மனைவி கையில் திணித்துவிட்டு எழுந்து போனார். அறுவை அறையின் கதவு அவருக்குப் பின்னால் மூடிப் பூட்டிக்கொண்டது.