யாரோ திருத்திய படிகள்

மாலை நேரத் தட்டச்சு வகுப்புக்கு முன்னால் நூலகத்தில் பயண இதழ்களைப் படிப்பேன். ‘தனியாகப் போகிறவர்களுக்கு’ என்ற பக்கத்தில் ஒரு மலைக்கோயிலைப் பற்றி இருந்தது. படிகள் 412 என்று அச்சிட்டிருந்ததை யாரோ பென்சிலால் அடித்து, ஓரத்தில் 419 என்று எழுதியிருந்தார்கள். நான் தனியாக எங்கும் போனதில்லை. தட்டச்சு செய்த தாளைக்கூடப் பக்கத்து இருக்கை மரகதவல்லியின் தாளோடு ஒப்பிட்ட பிறகுதான் கொடுப்பேன்.

அந்தக் கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று அவளிடம் சொன்னேன். “நீ தனியாவா? பஸ் போர்டையே ரெண்டு பேர்கிட்ட கேப்பியேடி” என்று அவள் சிரித்தாள். அதனாலேயே அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏறும்போது 415 வந்தது. இறங்கும்போது 416. அடிவாரத்தில் மண்ணில் பாதி புதைந்த ஒரு கல் இருந்தது. ஏறும்போது அதை எண்ணவில்லை, இறங்கும்போது எண்ணியிருந்தேன். அது படிதானா என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் மேலே பார்த்தேன்.

“என்ன கண்ணு, சாமிகிட்ட எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டியா?” என்றாள் மோர் விற்கிற பெண்.

“ஒரு படி இடிக்குதுக்கா.”

“அட, இவ்வளவுதானா? எத்தனைன்னு நான் சொல்றேன்.”

“வேண்டாங்க்கா. சொல்லாதீங்க.”

அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் புதைந்த கல்லின் மேல் காலை வைத்தேன்.

“ஒண்ணு” என்றேன், அவளுக்கும் கேட்கும்படி.