கூப்பிடும் பெயர்

"கட்டிலை இன்னும் கொஞ்சம் சுவரோரமாத் தள்ளும்மா. அறை பெருசாத் தெரியணும்" என்றார் அப்பா தையோப் அலி.

தஹ்மினா முழங்காலால் கட்டிலைத் தள்ளினாள். காலையிலிருந்து தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் வாளியை எடுத்தபோது அம்மாதான் பிடுங்கி வைத்தாள்.

"பாவம், புருஷன் வந்து சேரணுமேன்னு தவிக்கிறா" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பங்களாதேஷில், சில்ஹெட் பக்கத்து மௌல்வி பஜாரில் இருக்கும் அந்தப் புருஷன் கமருல், தையோப் அலியின் தங்கை மகன். போன குளிர்காலத்தில் அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி அங்கே போன இடத்தில் தஹ்மினாவுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. அவ்வளவு சுருக்காக நல்ல காரியம் நடப்பது எல்லா வீட்டிலும் அமையுமா என்ன?

விசாவுக்குப் பெண்ணின் சம்பளம் போதாது என்றார்கள். பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்த கையோடு, சாயங்காலம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டவும் போனாள் தஹ்மினா. கால் வீங்கி வந்து படுப்பாள். தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்ட தையோப் அலி, சம்பளச் சீட்டுகளை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பார்.

அந்தக் கண்டம் போன வாரத்தோடு தாண்டியாகிவிட்டது. இனி வீடுதான் பாக்கி. புருஷன் பெண்டாட்டிக்குத் தனி அறை இருக்கிறது, வீட்டில் அளவுக்கு மீறி ஆள் இல்லை என்று பரிசோதகர் எழுதிக் கொடுத்துவிட்டால் கமருல் கிளம்பிவிடலாம்.

"வீட்டைப் பார்க்க வர்ற அந்தம்மா இருக்கிற வரைக்கும் எல்லாரையும் பாஸ்போர்ட் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும், புரிஞ்சுதா?" என்று தையோப் அலி மனைவியை எச்சரித்தார்.

"நான் பெத்த பொண்ணை நானே தஹ்மினா பேகம்னு கூப்பிடணுமா? பேங்க்ல டோக்கனுக்குக் கூப்பிடற மாதிரி!"

சில்ஹெட்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று காகிதத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. தஹ்மினா வீட்டில் மைனா. காலேஜுக்குப் போயிருந்த தங்கை ருமேனா, டுன்டுனி. அம்மா ஹுஸ்னாரா பேகத்தை ஜோஸ்னா என்றால்தான் அக்கம்பக்கத்துக்குத் தெரியும். தையோப் அலியோ ஊருக்கே லால் மியா. ஓல்டம் நகரத்தின் அந்தத் தெருவில் தையோப் அலி வீடு எது என்று கேட்டால், தபால்காரரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

தஹ்மினாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"கமருல்தானே? எடுத்துப் பேசேன்."

"அந்தம்மா வர்ற நேரம்ப்பா."

"பார்த்தியா, எவ்வளவு பொறுப்பு!" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார் தையோப் அலி. அவருக்கு முப்பது வருஷம் ஹோட்டல் அடுப்படியிலேயே போனதால் இங்கிலீஷ் 'தேங்க்யூ'வைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. "பேச்செல்லாம் உன் பொறுப்பு. ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டா உடனே எடுத்துச் சொல்லிடு. உன் வாழ்க்கைம்மா இது."

"தெரியும்ப்பா" என்றாள் தஹ்மினா.

பரிசோதகர் திருமதி ஹார்கிரீவ்ஸ் ஈரக் குடையோடு வந்து சேர்ந்தார். நேரே மாடிக்குப் போய் அறையை அளக்க ஆரம்பித்தார். டேப்பின் மறுமுனையைத் தஹ்மினா பிடித்துக்கொண்டாள்.

"மைனா! டீ ஆறுது! அடி மைனா!" என்று அம்மா கீழேயிருந்து கத்தினாள்.

தஹ்மினா டேப்பை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தாள். திருமதி ஹார்கிரீவ்ஸ் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். வந்தவள் சும்மா நிற்காமல் அடுத்த அறைக் கட்டிலைத் தட்டிக் காட்டி, "டுன்டுனி, டுன்டுனி" என்று சிரித்தாள். அதே நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் வாசல் கதவின் தபால் துளை வழியாக, "லால் மியா பாய், இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். "ஜோஸ்னா, யாருன்னு பாரு" என்று தையோப் அலியே பதறிப்போய்க் கத்தினார். திருமதி ஹார்கிரீவ்ஸின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

முன்னறைக்கு வந்ததும் தஹ்மினா டீத் தட்டைக் கொண்டுவந்தாள். வெல்லம் போட்டுப் பொரித்த ஹாந்தேஷ் பலகாரத்தை அந்த அம்மாள் ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டார்.

"படிவத்துல நாலு பேருன்னு எழுதியிருக்கீங்க. ஆனா மைனா, டுன்டுனி, லால் மியா, ஜோஸ்னான்னு இன்னும் நாலு பேர் இருக்காங்க போலிருக்கே. இவங்களும் இங்கேயேதான் இருக்காங்களா?"

தன் வீட்டுப் பெயர்கள் அந்நிய வாயில் வந்ததும் தையோப் அலிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் வாயாலேயே என் பொண்ணு வாழ்க்கை கெட்டுச்சே!"

"அட, அழாதே. ஒரு வார்த்தையில முடியற விஷயம். மொழி தெரிஞ்ச பொண்ணு எதுக்கு இருக்கா?" தையோப் அலி சிரித்தபடி மகள் பக்கம் திரும்பினார். "கூப்பிடற பேரு வேற, ஆளு ஒண்ணுதான்னு சொல்லும்மா. சொல்லு மைனா."

தஹ்மினா தட்டை மேசைமேல் வைத்தாள். திருமதி ஹார்கிரீவ்ஸை நேராகப் பார்த்து, சுத்தமான இங்கிலீஷில் சொன்னாள்:

"ஆமா மேடம், எட்டுப் பேரும் இங்கதான் இருக்கோம். இன்னும் ஒருத்தர் வர இந்த வீட்டுல இடமே இல்ல."