விழுந்த பெயர்

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து வளர்த்தவள் ஜெயசீலி. வலைக்கூண்டைத் தூக்கிவந்து பொன்னுரங்கத்தின் மேசைமேல் வைத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பேரரச அந்துப்பூச்சிகள். ஆண்கள் மஞ்சள், பெண்கள் பழுப்பு.

“எல்லாம் ஒரே தாயோட முட்டை சார்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. மஞ்சளுக்கு யாரோ நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார். பழுப்பைத் தனி இனம் என்று ஒன்பது வருடத்துக்கு முன் அறிவித்தவர் இவர்தான். அன்று இவர் கைக்கு வந்தவை பெண் பூச்சிகள் மட்டும். அதற்குத் தன் மகள் மகிழ்நிலாவின் பெயரை வைத்தார். அந்தப் பூச்சிக்கு வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒரு வாரம் உயிரோடிருக்கும். மருத்துவமனையில் கடைசி வாரம் மகிழ்நிலாவுக்கும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

இரண்டும் ஒன்றென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். விழுந்த பெயரை அதன் நெருங்கிய சொந்தங்கள் எதற்கும் மறுபடி வைக்கக் கூடாது என்பது விதி.

“இன்னும் யார்கிட்டயும் சொல்லல சார்” என்றாள் ஜெயசீலி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

“அந்த நூறு வருஷத்துப் பேரையே எழுதிடும்மா.”

பிறகு வலையை விலக்கி, ஒரு பழுப்புப் பூச்சியைக் கையில் ஏற்றிக்கொண்டார். முப்பது வருடமாக அந்துப்பூச்சிகளை வகைப்படுத்துகிறவர், தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து, வாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொட்டு வைத்தார். அது வழிந்து மேசையில் விழுந்தது. மறுபடியும் விரலை நனைத்தார்.