வயிற்றெரிச்சல் மருந்து

போடி பஜார் டாக்டர் முன்னால் துணிக்கடை குருசாமி சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அவர் தொந்தியில் சாவகாசமாகப் படுத்திருக்கிறது. "எப்பயிருந்து வயித்தெரிச்சல்?" என்கிறார் டாக்டர். மனைவி கிருபாவதிதான் வாய் திறக்கிறாள். "எதுத்த கடை ஞானதுரை அண்ணாச்சி கண்ணாடி அலமாரி வச்சதுலருந்து டாக்டரய்யா. அங்கன ஆள் ஏறுனா இங்கன இவுக நெஞ்சைப் பிடிக்காக. சோறும் இறங்கல, தூக்கமும் இல்ல." டாக்டர் சிரிக்காமல் எழுதுகிறார். "மருந்து தாரேன். அந்தக் கடையப் பாக்காதீங்க." "எதுத்தாப்ல இருக்கே, டாக்டர்?" "திரும்பி உக்காருங்க."

கிருபாவதி வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த பாட்டிலில் கம்பவுண்டர் சிவப்பு மருந்தை ஊற்றுகிறார். பின்னால் யாரோ ஏப்பம் விடுகிறார்கள். திரும்பினால், வயிற்றை அமுக்கிக்கொண்டு ஞானதுரை. "நீங்களுமா அண்ணாச்சி?" என்கிறார் குருசாமி. "ஒங்க கடை வாசல்ல கல்யாண வண்டி நின்னா நான் எங்கிட்டுத் தூங்க?" என்கிறார் ஞானதுரை. குருசாமியின் வயிறு பல மாதங்களுக்குப் பிறகு ஐஸ் வைத்ததுபோலக் குளிர்கிறது. முகத்தில் ரத்தம் ஊறுகிறது. ஞானதுரை மஞ்சப்பைக்குள் கைவிட்டு, குருசாமியின் பாட்டிலைவிட ஒரு சாண் உயரமான தன் பாட்டிலை எடுத்துக் கம்பவுண்டரிடம் நீட்டுகிறார். குருசாமியின் கை மெல்ல வயிற்றுக்குப் போகிறது.

"ஏ கிருபா, நம்ம வீட்டுல இத விடப் பெரிய பாட்டிலே இல்லையா?"