யார் துவைத்த சட்டை?

"இந்தச் சட்டைய யாரு துவைச்சது?"

அழகம்மாள் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்ணுச்சாமியின் கை ஒரு நொடி நின்றது. நீதான் துவைத்திருப்பாய் என்று முனகிவிட்டு, குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

அவள் துவைக்கவில்லை. துவைத்திருந்தால் அது இப்படி வெளுத்திருக்காது. கல்யாணமாகிச் சோழவந்தானிலிருந்து இந்தக் காலனிக்கு வந்த நாள் முதலே அடிபம்பின் உப்புத் தண்ணீரோடுதான் அவளுக்கு மல்லுக்கட்டு. பருப்பு வேகாது. தலைக்குக் குளித்தால் சிக்கு விழும். சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காமல் துணியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். புருஷனின் வெள்ளைச் சட்டைகளெல்லாம் அவள் கையில்தான் பழுப்பேறின.

கொஞ்ச நாளாக அவை ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. காலையில் மங்கலாகப் போகிற சட்டை, சாயங்காலம் புதுசு போலத் திரும்பி வந்தது.

நல்ல தண்ணீர் உள்ள வீடு ஒன்றுக்கு அவன் போகிறான். அங்கே சட்டையைக் கழற்றுகிறான். எவளோ ஒருத்தி துவைத்துக் காயவைத்துக் கொடுக்கிறாள். அப்படித்தான் இருக்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் அவன் மில்லுக்குக் கிளம்பியதும் பின்னாலேயே போனாள். டவுன் பஸ்ஸில் அவன் பின்வாசலில் ஏற, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வாசலில் ஏறினாள். மில் வரைக்கும் அவன் போகவில்லை. ஆரப்பாளையத்தில் இறங்கி, ஒரு லாட்ஜுக்குள் விறுவிறுவென்று நுழைந்தான்.

வீடுகூட இல்லை, லாட்ஜ். வெளியே நெடுநேரம் நின்றாள். பிறகு உள்ளே போய், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் புருஷன் பேரைச் சொல்லிக் கேட்டாள்.

"கண்ணுச்சாமியா? பின்னாடி ராக்கம்மா கூட இருப்பாப்ல. நீங்க யாரும்மா?"

பேர் தெரிந்துவிட்டது. அவள் நடையைக் கடந்து, பின்கதவைப் படாரென்று தள்ளினாள்.

கிணற்றடியில் பல் போன கிழவி ஒருத்தி கொடியில் பெட்ஷீட்டுகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொட்டியில், முழங்கால் வரை நுரையில் நின்று, அழுக்குப் பெட்ஷீட்டுகளை மிதித்துக்கொண்டிருந்தான் கண்ணுச்சாமி. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அவளைக் கண்டதும் கால்கள் நின்றன.

"மில்லுல ஆளைக் குறைச்சுட்டாங்க, அழகு," என்றான் தலை நிமிராமல். "அழுக்குச் சட்டையோட வந்தா நீ கண்டுபிடிச்சிருவியோன்னு, தினமும் நானே துவைச்சுப் போட்டுக்கிட்டு வாரேன்."

அழகம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கி, பிழிவதற்கு ஒரு பெட்ஷீட்டின் முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்தாள்.